±3 எதைச் சுற்றி நிற்கிறது?

கருத்துக்கணிப்பு முடிவுகளுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘பிழை வரம்பு ±3 புள்ளி, நம்பிக்கை அளவு 95%’. உண்மை விடை இந்த எண்ணுக்கு 3 புள்ளி மேலேயோ கீழேயோதான் இருக்கும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். எழுதிக் கொடுத்தவரும் பல நேரம் அப்படித்தான் நினைத்திருப்பார். சூத்திரம் சொல்வது அதைவிடக் குறைவு. இதே ஆய்வை இதே முறையில் திரும்பத் திரும்ப நடத்தினால், விடை தன் எதிர்பார்ப்பு மதிப்பை, அதாவது அத்தனை விடைகளின் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எதிர்பார்ப்பு மதிப்பும் உண்மையும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருவோம். முதலில், சூத்திரம் ஒழுங்காக வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிடலாம்.

முழுமைத்தொகுதியில், அதாவது நாம் அறிய விரும்பும் மொத்த மக்களில், 34% பேர் ‘ஆம்’ என்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கும் சமவாய்ப்பு முறையில் 400 பேரை எடுத்தால், ‘ஆம்’ சொல்பவர்களின் எண்ணிக்கைக்கு எதிர்பார்ப்பு மதிப்பு 400 × 0.34 = 136. அதற்காக 136 பேர்தான் வருவார்கள் என்று எதிர்பார்த்துவிடக் கூடாது. மிகச் சரியாக 136 வருவதற்கு நிகழ்தகவு சுமார் 4% தான். 25 பேரை மட்டும் எடுத்தால் எதிர்பார்ப்பு மதிப்பு 8.5. எட்டரை ஆள் எந்த மாதிரியிலும் கிடைக்கப்போவதில்லை. பல்லாயிரம் மாதிரிகளின் சராசரி எங்கே போய் நிற்குமோ அந்த இடத்துக்குத்தான் இந்தப் பெயர்.

அந்த இடத்தைச் சுற்றி ஆட்டம் எவ்வளவு? எண்ணிக்கையின் திட்ட விலக்கம், அதாவது ஆட்டத்தின் வழக்கமான அளவு, √(400 × 0.34 × 0.66) = 9.47. 95% மாதிரிகளை உள்ளடக்க இதை 1.96 ஆல் பெருக்கினால் 18.6. ஆகவே 100 மாதிரிகள் எடுத்தால் சுமார் 95 மாதிரிகளில் ‘ஆம்’ எண்ணிக்கை 117-க்கும் 155-க்கும் இடையில் விழும்.

நடைமுறையில் நிலைமை தலைகீழ். 34% என்பது யாருக்கும் தெரியாது. கையில் இருப்பது ‘400 பேரில் 136 பேர்’ என்ற ஒரே ஒரு மாதிரி. அதனால் மாதிரியின் விகிதத்தையே சூத்திரத்துக்குள் போட்டு, விகிதத்தின் திட்ட விலக்கத்தை (திட்டப்பிழை என்பது அதன் பெயர்) மதிப்பிடுகிறோம்:

திட்டப்பிழை = √(விகிதம் × (1 − விகிதம்) ÷ மாதிரி அளவு)

√(0.34 × 0.66 ÷ 400) = 0.0237. இதை 1.96 ஆல் பெருக்க 0.0464. இதைக் கழித்தும் கூட்டியும் கிடைக்கும் நம்பிக்கை இடைவெளி 29.4% முதல் 38.6% வரை. கடைசி வரி வரை நான்கு தசம இடங்களை வைத்துக்கொண்டு, எழுதும்போது மட்டும் முழுமையாக்குங்கள். சதவீதத்தையும் பின்னத்தையும் கலந்து 34 × (1 − 34) என்று எக்செல்லில் தட்டினால் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்து பிழைச் செய்தி காட்டும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். ‘±4.6%’ என்று எழுதுவதுதான் ஆபத்தான பிழை. 34-இல் 4.6 சதவீதம் என்றால் வெறும் 1.6. இங்கே சொல்ல வேண்டியது 4.6 சதவீதப் புள்ளி.

95 என்ற எண் முறையைப் பற்றியது. இந்தச் செய்முறையைப் பின்பற்றி இடைவெளி போட்டுக்கொண்டே போனால், 100-க்கு 95 இடைவெளிகள் எதிர்பார்ப்பு மதிப்பைத் தம் வயிற்றுக்குள் வைத்திருக்கும். நம் கையில் உள்ள 29.4–38.6 அந்த 95-இல் ஒன்றா, மீதி ஐந்தில் ஒன்றா என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே வினாத்தாளில் ஒன்றையொன்று சாராத 20 கேள்விகளுக்கு 20 இடைவெளிகள் போட்டால், குறைந்தது ஒன்றாவது தவறிப்போக 64% வாய்ப்பு உண்டு. ‘இந்த ஒரு எண் மட்டும் ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கிறது’ என்று கட்டுரை எழுதக் கிளம்புமுன் இந்த 64-ஐ நினைத்துக்கொள்வது நல்லது.

மேலே போட்ட சூத்திரத்துக்கு வால்டு இடைவெளி என்று பெயர். பாடநூலில் முதலில் வருவது இதுதான். பலருக்கு அதற்குப் பிறகு வேறொன்றும் வருவதில்லை. மாதிரி பெரிதாக, விகிதம் நடுவாந்திரமாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஓரத்துக்குப் போனால் உடைந்துவிடும். 40 பேரில் 2 பேர் ‘ஆம்’: விகிதம் 5%, திட்டப்பிழை 3.4 புள்ளி, இடைவெளி −1.8% முதல் 11.8% வரை. எதிர்மறைச் சதவீதம் என்று ஒன்று கிடையாது என்பதால் பலர் அதைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நோய் அங்கே இல்லை. அது வெறும் அறிகுறி.

காரணம் இது. உண்மை விகிதம் 5% என்று வைத்து 40 பேர் மாதிரியைப் பலமுறை எடுத்தால், சுமார் 13% மாதிரிகளில் ஒருவர்கூட ‘ஆம்’ சொல்ல மாட்டார் (0.95-இன் 40-ஆம் அடுக்கு 0.1285). அப்போது விகிதம் 0, திட்டப்பிழையும் 0, இடைவெளி ‘0 முதல் 0 வரை’. அதாவது மிகக் குறைவான தகவல் உள்ள மாதிரிதான் முழு உறுதியோடு பேசுகிறது. இவை அத்தனையும் 5%-ஐத் தவறவிடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், 95% என்று பெயர் போட்ட இந்த இடைவெளி இங்கே உண்மையில் 87% தான் பிடிக்கிறது. விகிதத்தை மதிப்பிட்ட அதே மாதிரியை வைத்தே பிழையையும் மதிப்பிடுவதால் வரும் வினை.

எட்வின் வில்சன் 1927-இல் இதற்குக் கொடுத்த வழி இன்றும் சிறந்தவற்றில் ஒன்று. ‘கிடைத்த விகிதத்தின் திட்டப்பிழை என்ன’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘எந்தெந்த உண்மை விகிதங்களுக்கு இந்த விடை வியப்பளிக்காது’ என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, வியப்பளிக்காதவற்றை எல்லாம் இடைவெளிக்குள் சேர்த்துக்கொள்வது. கணக்கு இப்படி. 1.96-இன் வர்க்கம் 3.84. அதை மாதிரி அளவால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். 40 பேருக்கு 0.096. நடுப்புள்ளி = (விகிதம் + 0.096-இல் பாதி) ÷ 1.096 = (0.05 + 0.048) ÷ 1.096 = 0.0894. பாதி அகலம் = 1.96 × √(0.05 × 0.95 ÷ 40 + 3.84 ÷ (4 × 40 × 40)) ÷ 1.096 = 0.0756. இடைவெளி 1.4% முதல் 16.5% வரை. நடுப்புள்ளி 5%-இல் இல்லாமல் 8.9%-இல் இருப்பதைக் கவனியுங்கள். ஓரத்தில் நிற்கும் விகிதத்துக்கு ஆட இடம் உள்பக்கம்தான். அதனால் இடைவெளி சமச்சீராக இருக்கக் கூடாது. 400-க்கு 136 என்ற பழைய உதாரணத்தில் வில்சன் தருவது 29.5–38.8, வித்தியாசம் மிகச் சிறிது. செலவில்லாத காப்பீடு போல, எப்போதும் வில்சனையே போட்டுவிடலாம்.

கைக்கணக்குக்கு ஆக்ரெஸ்டியும் கூலும் 1998-இல் சொன்ன குறுக்குவழி உண்டு: மாதிரியில் இரண்டு ‘ஆம்’, இரண்டு ‘இல்லை’ இருப்பதாகக் கூடுதலாகச் சேர்த்து, பழைய சூத்திரத்தையே போடுவது. 2/40 இப்போது 4/44, இடைவெளி 0.6–17.6. கிளாப்பர், பியர்சன் இருவரும் 1934-இல் தந்த ‘துல்லிய’ இடைவெளி ஈருறுப்புப் பரவலை (எத்தனை ‘ஆம்’ வர எவ்வளவு நிகழ்தகவு என்ற முழுப் பட்டியலை) நேரடியாகப் பயன்படுத்துகிறது, 2/40-க்கு 0.6–16.9. எந்தச் சூழலிலும் 95-க்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் அதற்கு உண்டு, அதற்கு விலையாகத் தேவைக்கு மேல் அகலமாக இருக்கும். மென்பொருளில் எது இயல்பாக வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் நிரல்மொழியின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தொகுப்பு, நாம் முறையைக் குறிப்பிடாவிட்டால் வால்டு இடைவெளியைத்தான் போடும். ஆர் என்ற நிரல்மொழியில் ‘பிராப் டெஸ்ட்’ தருவது தொடர்ச்சித் திருத்தத்தோடு (முழு எண்களைத் தொடர் வளைவால் தோராயமாக்குவதற்கான சிறு திருத்தம்) கூடிய வில்சன். ‘பைனாம் டெஸ்ட்’ தருவது கிளாப்பர்–பியர்சன். ஒரே தரவுக்கு மூன்று பேர் மூன்று இடைவெளி கொண்டுவந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஒருவர்கூட ‘ஆம்’ சொல்லவில்லை என்றால் 3-ஐ மாதிரி அளவால் வகுங்கள். 60 பேரில் 0 என்றால் மேல் எல்லை 3 ÷ 60 = 5%. (1 − விகிதம்)-ஐ 60 முறை பெருக்கி 0.05 ஆவது எப்போது என்று தீர்த்தால் 4.9% வரும், மூன்று என்பது 0.05-இன் இயல் மடக்கையான −2.996-லிருந்து வருகிறது. இது ஒருபக்க 95% எல்லை என்று சேர்த்து எழுத வேண்டும்.

மாதிரி அளவு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. விகிதம் தெரியாதபோது 0.5 என்று வையுங்கள். அதுதான் ஆட்டம் மிக அதிகமான இடம். ±5 புள்ளிக்கு 385 பேர், ±3-க்கு 1068, ±2-க்கு 2401, ±1-க்கு 9604. பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். முழுமைத்தொகுதி ஒரு லட்சமா பத்துக் கோடியா என்பதால் இந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. தொகுதியே சிறியதாக இருந்தால்தான் திருத்தம் தேவை: 900 பேரில் 300 பேரைக் கேட்டால் √((900 − 300) ÷ 899) = 0.82 ஆல் பெருக்க, ±5.7 என்பது ±4.6 ஆகும். ஒரு எச்சரிக்கை: 1068 என்பது முழு மாதிரிக்கு. அதற்குள் 60 பேர் மட்டுமே உள்ள உட்பிரிவு ஒன்றைத் தனியே எடுத்துப் பேசினால் அதன் பிழை வரம்பு ±12.7. முகப்பில் ±3 என்று போட்டுவிட்டு உள்ளே உட்பிரிவுகளை ஒப்பிடும் அறிக்கைகள் ஏராளம்.

ஒப்பீட்டில்தான் கை அதிகம் தவறுகிறது. 1000 பேரிடம் ஒரே கேள்வி. முதல் விருப்பத்துக்கு 44%, இரண்டாவதுக்கு 40%. ஒவ்வொன்றுக்கும் பிழை வரம்பு சுமார் ±3. வித்தியாசம் 4 புள்ளி, 3-ஐவிடப் பெரிது, ஆகவே முதலாவது முன்னணியில் — இப்படித்தான் வாதம் ஓடும். ஆனால் ஒருவர் முதலாவதைத் தேர்ந்தால் இரண்டாவதைத் தேர முடியாது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வித்தியாசத்தின் திட்டப்பிழை √((0.44 + 0.40 − 0.04 × 0.04) ÷ 1000) = 0.029. ஆக, முன்னிலை 4 ± 5.7: −1.7 முதல் 9.7 வரை. கிட்டத்தட்ட இரு மடங்கு பிழை.

தனித்தனியாக நடந்த இரண்டு ஆய்வுகளை ஒப்பிடும்போது தவறு எதிர்த்திசையில் நடக்கும். சென்ற முறை 1000 பேரில் 40%, இந்த முறை வேறு 1000 பேரில் 45%. இடைவெளிகள் 37.0–43.0, 41.9–48.1. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, ஆகவே மாற்றமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வித்தியாசத்துக்கே இடைவெளி போட்டால் திட்டப்பிழைகளின் வர்க்கங்கள் கூடி, 5 ± 4.3 வருகிறது, 0 அதற்குள் இல்லை. இரண்டு விகிதங்களை ஒப்பிட வேண்டுமானால் வித்தியாசத்துக்கு ஒரு இடைவெளி போடுங்கள். இரண்டு இடைவெளிகளைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் அளக்காதீர்கள்.

இதுவரை ‘400’, ‘1000’ என்று போட்ட எண்ணெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சமவாய்ப்பில் எடுக்கப்பட்டவர் என்ற நினைப்பில். நேரில் போய்க் கேட்கும் ஆய்வுகளில் அப்படி எடுப்பதில்லை. 50 பகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 20 பேரைக் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்சம் ஒரே மாதிரி நினைப்பார்கள். அந்த ஒற்றுமை, அதாவது கொத்துக்குள் ஒட்டுறவு, வெறும் 0.05 என்றாலும் வடிவமைப்பு விளைவு, அதாவது திட்டப்பிழையின் வர்க்கம் பெருகும் மடங்கு, 1 + 19 × 0.05 = 1.95. ஆயிரம் பேரைக் கேட்டோம், கிடைத்த தகவல் 513 பேருக்கு உரியது. ±3.1 என்பது ±4.3 ஆகிறது. அதே ஆயிரத்தை 100 பகுதிகளில் பத்துப் பத்துப் பேராகக் கேட்டிருந்தால் ±3.7. அலைச்சல் கூடும், விடை மேம்படும்.

எடையிடுவதிலும், அதாவது குறைவாக வந்த பிரிவினரின் பதிலைக் கூடுதலாக எண்ணிச் சரிசெய்வதிலும், இதே தேய்மானம். 500 பேரில் 400 பேருக்கு 0.75 எடை, குறைவாக வந்த பிரிவினர் 100 பேருக்கு 2 எடை என்றால், எடைகளின் கூட்டுத்தொகை 500; வர்க்கங்களின் கூட்டுத்தொகை 225 + 400 = 625. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த விதிப்படி பயனுறு மாதிரி அளவு 500 × 500 ÷ 625 = 400. நூறு பேரை எடை தின்றுவிட்டது. எடை போட்ட சதவீதத்தை எடுத்துக்கொண்டு, எடை போடாத 500-ஐச் சூத்திரத்தில் வைப்பது மிகப் பரவலான பிழை.

ஒட்டுறவும் தெரியாது, களப்பணியாளர்கள் மீதும் முழு நம்பிக்கை இல்லை என்றால், இந்தியப் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் பயிர் ஆய்வுகளில் கையாண்ட உத்தியை எடுத்துக்கொள்ளலாம். மாதிரியை ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிய, தனித்தனியான சிறு மாதிரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேறு குழுவிடம் கொடுப்பது. 250 பேர் வீதம் நான்கு குழுக்களின் விடை 31, 37, 30, 38 என்று வந்தால் சராசரி 34. நான்கு எண்களின் சிதறலிலிருந்தே திட்டப்பிழை 2.04 என்று கிடைக்கிறது. ஆயிரம் பேருக்கான சூத்திரம் 1.5 என்று சொல்லியிருக்கும். நான்கே எண்கள் என்பதால் 1.96-க்குப் பதில் 3.18-ஆல் பெருக்க வேண்டும், ±6.5. அகலம்தான், ஆனால் குழுக்களுக்கு இடையிலான வேறுபாடும் அதற்குள் வந்துவிட்டது.

இனி முதலில் விட்ட கேள்வி. மேலே பார்த்தவை எல்லாம் வேலியின் அகலத்தைச் சரிசெய்தவை. வேலி நிற்கும் இடமே தவறானால்?

10,000 பேரை அணுகுகிறோம். உண்மையில் சரிபாதி, 5000 பேர், ‘ஆம்’ கட்சி. அவர்களுக்கு விஷயத்தில் ஆர்வம் அதிகம், 30% பேர் பதில் தருகிறார்கள். ‘இல்லை’ கட்சியில் 20% பேர்தான். வந்த பதில்கள் 1500 ‘ஆம்’, 1000 ‘இல்லை’. விகிதம் 60%. மாதிரி 2500, ஆகவே பிழை வரம்பு ±1.9, இடைவெளி 58.1–61.9. சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. இந்த ஆய்வின் எதிர்பார்ப்பு மதிப்பு 60, உண்மை 50. ஒரு லட்சம் பேரை அணுகினால் இடைவெளி இன்னும் குறுகி 60-ஐ இறுகக் கட்டிக்கொள்ளும்; 50-க்குப் பக்கத்தில்கூட வராது. அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 1936 அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. சூத்திரப்படி பிழை 0.1 புள்ளிகூட இல்லை. ரூஸ்வெல்ட்டுக்கு அது சொன்னது சுமார் 43%. அவர் வாங்கியது சுமார் 61%.

தவறான பதிவும் எதிர்பார்ப்பு மதிப்பை நகர்த்தும், அரிதான விஷயங்களில் மோசமாக நகர்த்தும். உண்மையில் 2% பேருக்கே உள்ள ஒன்றைக் கேட்கிறோம். இருபுறமும் 3% பேர் தவறிப்போய் மாற்றிக் குறிக்கிறார்கள். எதிர்பார்ப்பு மதிப்பு 0.02 × 0.97 + 0.98 × 0.03 = 4.9%. வந்த ‘ஆம்’களில் பாதிக்கு மேல் கை தவறியவை. 2%, 3% என்று வரும் எண்களை வைத்துப் பெரிய முடிவுகள் எடுப்பவர்கள் இந்த ஒரு வரிக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வயது, பாலினம் பார்த்து எடையிடுவது பதில் தராதவர் சிக்கலை ஓரளவு குறைக்கும். பதில் தருவது அந்த விடையையே பொறுத்திருந்தால் அதனால் பயனில்லை. அனுமானம் எதுவுமே வேண்டாம் என்றால், பேசாத 7500 பேரும் ‘இல்லை’ என்று வைத்து ஒருமுறை, ‘ஆம்’ என்று வைத்து ஒருமுறை கணக்கிடலாம்: 15% முதல் 90% வரை. 58–62 என்ற அழகான இடைவெளிக்கும் இதற்கும் நடுவே உள்ள தூரம் முழுவதும் அனுமானம்.

அந்தத் தூரத்தைக் குறைக்க ஹேன்சனும் ஹர்விட்ஸும் 1946-இல் ஒரு வழி சொன்னார்கள். பதில் தராத 7500 பேரிலிருந்து சமவாய்ப்பில் 300 பேரை எடுத்து, நேரில் போயாவது, எத்தனை முறை போயாவது விடை வாங்குவது. நம் உதாரணத்தில் பேசாதவர்களில் ‘ஆம்’ கட்சி 3500, அதாவது 46.7%, 300-இல் 140 பேர் என்று வைப்போம். மதிப்பீடு 0.25 × 60 + 0.75 × 46.7 = 50. திட்டப்பிழையில் பெரும்பங்கு அந்த 300 பேரிடமிருந்து வருகிறது: 0.75 × √(0.467 × 0.533 ÷ 300) = 0.0216. முதல் 2500 பேரின் பங்கையும் சேர்த்தால் பிழை வரம்பு ±4.3. இடைவெளி 45.7–54.3. முன்னதைவிட இரு மடங்குக்கு மேல் அகலம். 50 அதற்குள் இருக்கிறது. 300 பேரில் 40 பேர் இரண்டாம் முறையும் கதவைத் திறக்கவில்லை என்றால், அந்த 40 பேருக்கும் 15–90 கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, அந்த எல்லைகளையும் அட்டவணையில் சேர்த்துவிட வேண்டும்.